நாற்பது தேயிலைக் கொட்டை

பதினோராங்கட்டைப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்மா நடப்பதும் நடக்காததும் பாங்கு சொல்கிற மோதினார் மதார் மைதீனின் சட்டைப் பைகளில் இருக்கிறது. இடது பையில் நாற்பது தேயிலைக் கொட்டைகள். ஒரு ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தால் ஒரு கொட்டை வலது பைக்குப் போகும். நாற்பதும் போய்ச் சேர்ந்ததும் மதார் எழுந்து, சவுக்கு மரத்தில் செதுக்கிய கோலை மௌலவியின் கையில் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் மௌலவி மிம்பர் மேடையில் ஏறி குத்பாப் பேருரையைத் தொடங்குவார். கோல் கைமாறவில்லை என்றால் அன்றைக்கு ஜும்மா இல்லை, எல்லாரும் வழக்கமான நண்பகல் தொழுகையான லுஹரை நாலு ரக்அத் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஏன் நாற்பது என்று கேட்பீர்கள். இந்தப் பள்ளிக்காரர்கள் ஷாஃபிஈ மத்ஹபு. ஊரில் நிலையாகக் குடியிருக்கிற, வயதுக்கு வந்த ஆண்கள் நாற்பது பேர் சேர்ந்தால்தான் ஜும்மா கூடும் என்பது இவர்கள் வழிவழியாகப் பிடித்து வருகிற சட்டம். கண்டியிலோ கொழும்பிலோ இது ஒரு பேச்சே இல்லை, அங்கே செருப்பு விட இடம் கிடைப்பதே பெரும்பாடு. பதினோராங்கட்டை என்பது பூண்டுலோயாப் பக்கம் போகிற பாதையில் முப்பது கடை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு அரசமரத்துப் புத்தர், ஒரு பள்ளிவாசல், சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. கடைவீதியில் இருக்கிற முஸ்லிம்களையும் வாழைமலைத் தோட்டத்து லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற முஸ்லிம்களையும் சல்லடை போட்டுச் சேர்த்தால் நாற்பதும் கொஞ்சமும் தேறும். அதில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றால் மதார் வாசலிலேயே நின்று வழியைப் பார்ப்பார்.

வெளியூர்க்காரர் கணக்கில் சேர மாட்டார். ஒருமுறை துணி மூட்டையோடு வந்த வியாபாரி ஒருவர், "நானும் முஸ்லிம்தானே மோதினார், என்னைய ஏன் எண்ணல?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். "நீங்க முஸ்லிம்தாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா இந்த ஊர்ல நீங்க வெளக்கேத்துறதில்லையே. கொட்ட விழாதுங்க" என்றார் மதார்.

எண்ணத் தெரியாமல் கொட்டையைப் பிடித்தவர் அல்ல அவர். வருகிற எல்லாருக்கும் ஸலாம் சொல்ல வேண்டும், மழைக் குடையை வாங்கி மூலையில் சாத்த வேண்டும், கிழவர்களுக்கு நாற்காலி போட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் வாயால் எண்ணினால் பதினேழு எப்படியோ இருபத்தொன்றாகிவிடும். இளம்வயதில் தோட்டத்து நாற்றுமேடையில் வேலை பார்த்தபோது பொறுக்கி வைத்த கொட்டைகள் அவை. அதில் ஒன்று மட்டும் ஓரம் உடைந்தது. அது மதாருடைய கொட்டை. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுப் பள்ளிக்குள் காலை வைத்ததும் முதலில் அந்த உடைந்த கொட்டையைத்தான் வலது பைக்கு மாற்றுவார். தன்னை எண்ண மறக்கிற ஆள் இல்லை அவர்.

அவர் பிறந்ததே வாழைமலைத் தோட்டத்து லயத்தில்தான். ஏழாம் காம்பராவில் மதார் குடும்பம், எட்டாம் காம்பராவில் சோலைமலை குடும்பம். நடுவில் இருந்தது ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகவில்லை. அந்த வீட்டில் குழம்பு தாளித்தால் இந்த வீட்டில் தும்முவார்கள். நோன்புக் காலத்தில் மதாரின் தாயார் காய்ச்சுகிற கஞ்சியில் ஒரு செம்பு எட்டாம் காம்பராவுக்குப் போகும். தைப்பொங்கலன்று அதே செம்பு சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வரும். சாமிக்குப் படைப்பதற்கு முன்னாலேயே எடுத்து வைத்த பொங்கல் அது. "படைச்சத அவுங்க தின்ன மாட்டாங்க" என்று சோலைமலையின் தாய்க்குத் தெரியும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஒரே சுவரில் சாய்ந்து குடியிருந்தால் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், மதாருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. பதினெட்டு வயதில் அவர், மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற தோட்டத்துக் காமன் கூத்தில் தூதன் வேஷம் கட்டினார். ரதி யார் தெரியுமா? சோலைமலை. மீசையை வழித்து, மூக்குத்தி போட்டு, அக்காளின் சேலையைக் கட்டிக்கொண்டு அவர் ஒப்பாரி வைத்தபோது பெண்களே அழுதார்கள். தூதன் போட்ட சத்தம் மூன்று மலை தாண்டிக் கேட்டது. மறுநாள் மதாரின் தகப்பனார் அவரை விறகுக் கட்டையோடு துரத்தினார். அதே தொண்டையைத்தான் பிற்காலத்தில் பள்ளிவாசல்காரர்கள் தேடி வந்து பாங்கு சொல்லக் கூப்பிட்டார்கள். அது நடந்து இருபத்தேழு வருஷம். சோலைமலை தோட்ட வேலையை விட்டு ஆட்டோ ஓட்டுகிறார். இருவருக்கும் இப்போது அறுபத்துநாலு வயது, இருவருக்கும் முட்டி வலி.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

ஆடி மாதம். காலையிலிருந்து அடித்து ஊற்றிய மழையில் கரண்ட் போயிற்று, கரண்டோடு போன் கோபுரமும் போயிற்று. பன்னிரண்டு மணிக்கே பள்ளிக்குள் சாயங்காலம் மாதிரி இருட்டு. திறந்திருந்த சன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து தொழுகை வரிசைகளான ஸஃப்புகளுக்கு நடுவில் உலாவியது. மதாரின் மூக்குக் கண்ணாடியில் புகை பிடித்தது. துடைத்தார், மறுபடியும் பிடித்தது. ஒலிபெருக்கி இல்லாததால் வெறும் தொண்டையில் பாங்கு சொல்லிவிட்டு, மிம்பரின் பக்கத்தில் நின்று கொட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்பது வந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நாற்பதாவது ஆள் ரொட்டிக்கடை நிஸ்தார். எப்போதும் கடைசியில் ஓடி வருகிறவர் அவர். மௌலவி அண்ணாந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மதார் வாசலைப் பார்த்தார். அப்போது பின்னால், தூணுக்குப் பக்கத்தில், நனைந்த உருவம் ஒன்று தலையைக் குனிந்தபடி வந்து உட்கார்ந்தது. தலையில் வெள்ளைத் துணி. தெரிந்த முகம். மதார் அந்த முகத்தைப் பார்த்து, வா வா என்பதுபோலத் தலையாட்டினார். நாற்பதாவது கொட்டை வலது பைக்குள் விழுந்தது. கோல் கைமாறியது. குத்பா நடந்தது, தொழுகை நடந்தது, எல்லாரும் ஸலாம் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

மணி ஒன்றே முக்கால். மழை விட்டிருந்தது. மதார் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு எதிரே இருந்த நிஸ்தாரின் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சோலைமலையின் ஆட்டோ வந்து நின்றது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேற்பிரிவு லயத்திலிருந்து கனி ராவுத்தரையும் அவருடைய மூன்று மகன்களையும் ஏற்றிவந்து, ஜும்மா முடிந்ததும் கொண்டுபோய் விடுவது அவர்தான். விட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். ஒரு டீயை வாங்கிக்கொண்டு மதாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மௌலவி இன்னக்கி நல்லா பேசுனாருடா. பக்கத்து வீட்டுக்காரன் பசியோட கெடக்கையில நம்ம மட்டும் வயிறு முட்டத் தின்னா அது மனுச வேலையே இல்லன்னாரே, அது மனசுல பட்டுச்சு."

"ஆமா" என்ற மதார், ஒரு வாய் டீ குடித்தபின் திரும்பினார். "மைக்குதான் வேல செய்யலயே. நீ எங்க இருந்துடா கேட்ட?"

"உள்ள இருந்துதான். ஆட்டோப் படங்கு கிழிஞ்சு ஒழுகிச்சு. ராவுத்தரு மகன்தான் உள்ள வந்து உக்காருங்க மாமான்னாரு. காலக் கழுவிட்டு, கைக்குட்டயத் தலைல கட்டிட்டு, தூணுக்குப் பக்கத்துல குந்துனேன். நீதான் என்னையப் பாத்துத் தலைய ஆட்டுனியே!"

மதார் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நிஸ்தாரு எங்க?" என்று கடைக்குள் பார்த்துக் கேட்டார். மாவு எடுக்க ஹட்டனுக்குப் போனவர் வழியில் மண் சரிந்து பஸ்ஸோடு நிற்கிறாராம், போன் கோபுரம் போவதற்கு முன்னாலேயே சேதி வந்ததாம். ரொட்டி தட்டுகிற பையனுக்கு அது சாதாரணச் செய்தி. மதாருக்கு அது சாதாரணமில்லை. முப்பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு கோலைக் கொடுத்திருக்கிறார்.

யாருக்கும் தெரியாது. இதுதான் முதலில் மனதில் ஓடியது, உள்ளதைச் சொல்ல வேண்டும். சோலைமலைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, நிஸ்தார் வந்தாலும் தன்னை எண்ணவில்லையே என்று கேட்கப் போவதில்லை. பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனால் ஊரில் ஒரு இலையும் அசையாது. இருபத்தேழு வருஷமாக ஊரே நம்புகிற கணக்கு, அதை ஒரு கைக்குட்டைக்காகக் கெடுத்துக்கொள்வதா? இப்படி நினைத்தபோது மதாருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து பள்ளிக்குப் போனார்.

மௌலவி ஸாஜித் மாவனல்லைக்காரர், முப்பது வயதுகூட ஆகவில்லை. மதார் சொன்னதை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"நாற்பதுக்குக் குறைஞ்சாலும் கூடும்னு சொன்ன உலமாக்களும் இருக்கிறாங்க நானா. ஆனா நம்ம பள்ளி நாற்பதைப் பிடிச்சு வர்ற பள்ளி. அந்தக் கணக்குப்படி இன்டைக்கு நம்ம ஜும்மா கூடல்ல. அஸர் நேரம் வாறதுக்குள்ள லுஹரைத் தொழுதுட்டா சரி."

"தெரியாதவங்களுக்கு?"

"தெரியாதவங்க மேல என்ன குற்றம்? அல்லாஹ் மன்னிக்கிறவன்." மௌலவி கொஞ்சம் தயங்கினார். "தெரிஞ்சவங்க சொல்லாம விட்டாத்தான் யோசிக்கோணும்."

மாலைத் தொழுகையான அஸர் மூன்று முப்பத்தைந்துக்கு. இப்போது மணி இரண்டு. தன் கணக்கை நம்பித் தொழுத முப்பத்தெட்டு பேரின் தொழுகை தன் கழுத்தில் தொங்குகிறது என்று மதாருக்குப் புரிந்தது. மௌலவி ஒருவருக்கு இங்கேயே சொல்லியாயிற்று. வலது பையிலிருந்த கொட்டைகளை அள்ளி இடது பைக்கு மாற்றினார். ஒன்றை எடுத்து மேல் பையில் தனியாகப் போட்டார். அது சோலைமலை வாங்கிக்கொண்ட கொட்டை. பிறகு மௌலவிக்காக ஒன்றை வலது பைக்குள் விட்டார்.

கடைவீதியில் இருபத்திரண்டு பேர். மதார் கடை கடையாக ஏறினார். "கணக்குல தப்பு வந்துருச்சு. என் தப்புதான். லுஹர தொழுதுருங்க." இவ்வளவுதான் சொன்னார், ஆனால் இருபத்திரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரும்புக்கடைக்காரர் முறைத்தார். தையல்கடை ஜவாத் விழுந்து விழுந்து சிரித்தார். மருந்துக்கடை ஹாஜியார், "வயசு போனா கண்ணும் போகும், வேற ஆளைப் பார்க்கத்தான் வேணும்" என்று காதில் விழும்படியே சொன்னார். மதாருக்குக் காது சுட்டது. கொட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த கடைக்கு இறங்கினார். எல்லாரும் பள்ளிக்குப் போனார்கள், மௌலவி முன்னால் நின்றார்.

இன்னும் பதினைந்து பேர் தோட்டத்தில். கவ்வாத்து மலையில் ஆறு, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் ஐந்து, மேற்பிரிவு லயத்தில் ராவுத்தர் வீட்டில் நாலு. மணி இரண்டேகால். சோலைமலை ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏறுடா. என்னாலதானே வந்த வென."

"உன்னால இல்ல. என் கண்ணால."

"ரெண்டும் ஒண்ணுதான், ஏறு."

கவ்வாத்து மலை என்பது தேயிலைச் செடிகளை முட்டளவுக்கு வெட்டி இறக்குகிற மலை. பாதையிலிருந்து மேலே நிமிர்ந்து பார்த்தால் கத்தி பிடித்த ஆட்கள் விரல் உயரத்துக்குத் தெரிந்தார்கள். மதார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறப் பார்த்தார். நாலாவது அடியிலேயே சேறு காலை வாரிவிட்டது. பாதையோரத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"ஏறாதீங்க நானா, வழுக்கி விட்டுச்சுன்னா அப்பறம் உங்களத் தூக்கிட்டுப் போக ஆள் தேடணும். சேதி என்னான்னு சொல்லுங்க, நாங்க அனுப்புறோம்."

மதார் தயங்கினார். இவளிடம் சொன்னால் மலை முழுக்கச் சொன்ன மாதிரி. சொல்லாவிட்டால் மேலே இருக்கிற ஆறு பேருக்கும் நேரம் போய்விடும். சொன்னார். அம்மாக்கண்ணு ஆட்டோவில் இருந்த சோலைமலையைப் பார்த்தாள், மதாரைப் பார்த்தாள், கூடை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"அட ஆண்டவனே! எங்க அண்ணனுக்குத் தொப்பி போட்டு உக்கார வச்சுட்டீங்களா?"

"தொப்பி இல்ல, கைக்குட்ட!" என்று சோலைமலை ஆட்டோவுக்குள்ளிருந்து கத்தினார்.

அம்மாக்கண்ணு வாய்க்கு இரண்டு கையையும் குவித்துக்கொண்டாள். "ஏ… சீதாலெட்சுமீ! பள்ளியில ஒரு ஆளு கொறஞ்சுபோச்சாம்! நம்ம சோலமல அண்ணன சேத்து எண்ணிட்டாங்களாம்! பாய்மாருங்க எல்லாம் லுகரு தொழணுமாம்! மூணு முப்பத்தஞ்சுக்குள்ள!" மேல் நிரையில் இருந்தவள் அதைச் சிரிப்போடு வாங்கி அதற்கு மேலே அனுப்பினாள். நிரைக்கு நிரை சத்தமும் சிரிப்பும் ஏறிக்கொண்டே போயின. மதார் தலையைக் குனிந்து நின்றார். காமன் கூத்தில் கத்தியபோது இந்த மலை தன் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தது. இன்றைக்கு தன் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது. அவமானமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் உச்சியில் கவ்வாத்துக் கத்திகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கேட்டுவிட்டது என்று அர்த்தம். மதார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினார். ஆறு கத்தி, ஆறு கொட்டை. பொன்னையா கங்காணி மேலே நின்றபடியே, "போயி தொழுதுட்டு வரட்டும் நானா, அரப்பேரு போட்டு சம்பளத்த வெட்ட மாட்டேன்!" என்று குரல் கொடுத்தார். ஆறு பேரும் ஊற்றுத் தண்ணீர்ப் பக்கம் இறங்குவது தெரிந்தது.

ஸ்டோரில் வேறு சிக்கல். கொழுந்து அரைக்கிற மெஷின்கள் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து பேரும் மெஷினில் நின்றார்கள். காதருகே போய்க் கத்தினால்தான் கேட்கும். மதார் ஒவ்வொரு காதாகக் கத்தினார். ஒரே நேரத்தில் ஐந்து பேரும் மெஷினை விட்டால் கொழுந்து பழுதாகும். மேற்பார்வைக்கு நின்ற நிரோஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். "ரெண்டு ரெண்டு பேராப் போங்க. நான் நிக்கிறேன்." டீமேக்கர் பண்டார ஐயாவிடம் அவனே சிங்களத்தில் சொன்னான். அவர் என்ன ஏது என்று கேட்கக்கூட இல்லை, "ஹரி ஹரி", சரி சரி என்று கையசைத்தார். கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில், பச்சை வாசத்துக்கு நடுவில், கித்தான் விரித்துத் தொழுதார்கள். கடைசி ஆள் மேலே ஏறியதைப் பார்த்த பிறகுதான் மதார் ஐந்தாவது கொட்டையை மாற்றினார். மணி மூன்றாகப் பத்து நிமிஷம்.

மேற்பிரிவுக்குப் போகிற பாதை ஆட்டோவுக்கான பாதையே அல்ல. சோலைமலை திட்டிக்கொண்டே ஓட்டினார்.  ஹாஜியார் சொன்னதும் மலை சிரித்ததும் போகட்டும், மதாருக்கு உண்மையான பயம் கனி ராவுத்தரிடம்தான். எண்பத்திரண்டு வயது. நாக்கு சவரக்கத்தி. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், "காமன் கூத்துக்காரன் மோதினாரா?" என்று ஆட்கள் முணுமுணுத்தபோது, "அவன் எண்ணட்டும்" என்று கோலை எடுத்து மதாரின் கையில் கொடுத்தவர் அவர்.

ராவுத்தர் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதார் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கிழவர் மகன்களை ஒரு பார்வை பார்த்தார். மூவரும் கைகால் கழுவி வுழுச் செய்ய ஓடினார்கள். சோலைமலையை உள்ளே அழைத்த மகன் முதல் ஆளாக ஓடினான்.

"மாமா, இனிமே வேற யாராச்சும் எண்ணட்டும். என்னால ஆகாது" என்றார் மதார். 

ராவுத்தர் சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தார். "தப்பா எண்ணுனத வச்சுக்கிட்டு வாய மூடிட்டு இருந்திருந்தா எனக்கு எப்புடிடா தெரியும்?"

"தெரிஞ்சிருக்காது மாமா."

"அப்பறம் எதுக்கு வேற ஆளு? அடுத்த வாரமும் நீயே எண்ணு. கண்ணாடிய மட்டும் தொடச்சிட்டு எண்ணு." சொல்லிவிட்டுத் தொழுவதற்காக உள்ளே போனார். மதாருக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நாலு கொட்டையும் வலது பைக்குப் போயிற்று. மணி மூன்று பதினைந்து. அஸர் பாங்கு சொல்ல வேண்டுமே என்று அவசரமாக ஆட்டோவில் ஏறினார். வேலை முடிந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆட்டோ இரண்டு வளைவு இறங்கியது. குலுக்கலில் இடது பைக்குள் என்னவோ உருண்டது. கையை விட்டார். ஒரு கொட்டை.

எடுத்துப் பார்த்தார். ஓரம் உடைந்திருந்தது.

"நிறுத்து! டேய், நிறுத்து!"

சோலைமலை பிரேக்கை மிதித்தார். "யாருடா மிச்சம்?"

"நான்தான்."

ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் தான் இன்னும் தொழவில்லை. மணி மூன்று இருபத்தொன்று. பள்ளிக்கு எப்படியும் இருபது நிமிஷம்.  சோலைமலை சீட்டுக்குப் பின்னாலிருந்து படங்குச் சாக்கை உருவி, பாதையோரத்தில் புல் இருந்த இடமாகப் பார்த்து விரித்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைச் சாய்த்துப் பிடித்தார். மதார் கையையும் முகத்தையும் காலையும் கழுவினார். மலையைச் சுற்றிச் சுற்றி வந்ததில் மக்கா இருக்கிற திக்குத் தெரியவில்லை. மூட்டத்தில் சூரியனையும் காணோம்.

"எந்தப் பக்கம்டா?" என்று தனக்குள் முனகினார்.

"அந்த ரெட்டப் பாறைக்கு நடுவுல" என்று சோலைமலை கையை நீட்டினார். "உங்க பள்ளி அதப் பாத்துத்தானே இருக்கு. நாப்பது வருசமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

மதார் கையை உயர்த்திக் கட்டினார். அந்த நேரம் பார்த்து மறுபடியும் மழை. சோலைமலை ஆட்டோவிலிருந்த குடையை விரித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். மதார் குனிந்தால் குடையும் குனிய வேண்டும், இல்லாவிட்டால் சாரல் முதுகில் அடிக்கிறது. ஸுஜூதுக்கு நெற்றியைத் தரையில் வைத்தால் சோலைமலையும் குந்த வேண்டும். எழுந்தால் எழ வேண்டும். நாலு ரக்அத். அதுவும் அறுபத்துநாலு வயது முட்டிதானே. ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து "முருகா" என்று ஒரு முனகல் மதாரின் காதில் விழுந்தது. சிரிப்பு வரப் பார்த்தது, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு ஓதினார்.

வலது பக்கம் ஸலாம், இடது பக்கம் ஸலாம். முடித்து நிமிர்ந்து கொஞ்ச நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து அஸர் பாங்கு எழுந்தது. கரண்ட் வந்துவிட்டது போல. மௌலவியின் இளங்குரல் ஒலிபெருக்கியில் மலை மலையாக ஏறி வந்தது. மதார் அசையாமல் உட்கார்ந்து அதைக் கடைசி வரை கேட்டார். இருபத்தேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவர், வீட்டில் படுத்துக் கிடந்த நாட்களைத் தவிர்த்தால், ஒரு பாங்கை இப்படிச் சும்மா உட்கார்ந்து கேட்டதே இல்லை. பிறகு உடைந்த கொட்டையை வலது பைக்குள் போட்டார்.

"இப்ப எத்தன?" என்றார் சோலைமலை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இன்னும் குந்தியே இருந்தார். பாதி உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. குடை முழுக்க மதாரின் பக்கமே இருந்திருக்கிறது.

"முப்பத்தொம்பது. சரியாப் போச்சு."

"என்னோட கொட்ட?"

"அது நிஸ்தாரோட கொட்ட. அடுத்த வெள்ளிக்கு வேணும்."

சோலைமலை ஒத்துக்கொள்கிற மாதிரித் தலையாட்டினார். சாக்கை உதறி மடித்தார். "அடுத்த வெள்ளியும் மழ பேஞ்சா நான் எங்கடா உக்கார்றது?"

"உள்ளதான். அதே தூணுகிட்ட. ஆனா அந்தக் கைக்குட்டய மட்டும் கட்டாத."

"தலையத் தொறந்து போட்டுட்டுப் பள்ளிக்குள்ள உக்காரச் சொல்றியா?" சோலைமலைக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் மரியாத இல்ல. நான் கட்டிக்கிட்டுத்தான் உக்காருவேன்."

மதார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். நனைந்த தலை, நனைந்த தோள், கையில் மடித்த சாக்கு.

"சரி, கட்டிக்க" என்றார். "நான் கண்ணாடியத் தொடச்சிக்கிறேன்."